31 ஆண்டுகள் ஏரிக்கடியில் கிடந்த ஹாலிஃபாக்ஸ்

லண்டனின் வடக்கில், காலின்டேல் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஹெண்டன் பகுதியில் பிரிட்டிஷ் வான்படையின் அருங்காட்சியகம் இருக்கிறது. அனுமதி இலவசம். சென்ற ஞாயிற்றுக்கிழமை மகளோடு அங்கே போனேன். பளபளப்பாகப் பராமரிக்கப்பட்ட எத்தனையோ விமானங்களைக் கடந்து, W1048 என்ற எண் கொண்ட ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானத்தின் எதிரே வந்ததும் இருவருமே நின்றுவிட்டோம்.

அலுமினியத் தகடுகள் அரித்து, ஆங்காங்கே கிழிந்து, உள்ளேயிருக்கும் சட்டங்கள் விலா எலும்புகளைப் போலத் தெரிகின்றன. சில இடங்களில் தகடு, பூச்சி அரித்த இலை போல ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. "இதை மட்டும் ஏன்ப்பா சரி பண்ணாம வெச்சிருக்காங்க?" என்று மகள் கேட்டாள். தண்ணீரிலிருந்து எடுத்த கோலத்திலேயே அதை வைத்திருக்கிறார்கள் என்றேன். அதைச் செப்பனிட்டுச் சாயம் பூசியிருந்தால் நாங்கள் அவ்வளவு நேரம் அதன்முன் நின்றிருப்போம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1942 ஏப்ரல் 27 அன்று இரவு, ஸ்காட்லாந்தின் கின்லாஸ் தளத்திலிருந்து இந்த விமானம் தன் முதல் தாக்குதலுக்குப் புறப்பட்டது. இலக்கு, ஜெர்மனி கைப்பற்றியிருந்த நார்வேயில், டிரோண்ட்ஹெய்ம் அருகே ஃபேட்டன் ஃபியோர்டில் (மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீளும் குறுகிய கடல்நீரில்) ஒதுங்கி நின்ற டிர்பிட்ஸ் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல். செங்குத்தான மலைச்சரிவை ஒட்டிக் கப்பலை நிறுத்தியிருந்தார்கள். மிகத் தாழ்வாகப் பறந்து வந்து உருண்டை வடிவக் கண்ணிவெடிகளைப் போட்டால், அவை சரிவில் உருண்டு நீருக்குள் இறங்கிக் கப்பலின் அடிவயிற்றுக்குக் கீழே வெடிக்கும் என்பது திட்டம். ஆனால் அப்படித் தாழ்ந்து வரும் விமானம், கரையிலும் கப்பலிலும் இருந்த பீரங்கிகளுக்கு நேர் எதிரே வந்தாக வேண்டும். அன்றிரவு நான்கு ஹாலிஃபாக்ஸ் விமானங்களும், லங்காஸ்டர் என்ற வேறு வகைக் குண்டுவீச்சு விமானம் ஒன்றும் திரும்பவில்லை. டிர்பிட்ஸுக்குச் சேதமும் இல்லை.

குண்டடி பட்டு W1048-இன் வலப்பக்கம் தீப்பற்றியது. வடகடலைக் கடந்து திரும்ப வழியில்லாத நிலையில், கனடாவைச் சேர்ந்த விமானி டான் மெக்கின்டயர், உறைந்து கிடந்த ஹோக்லிங்கன் ஏரியின் பனிக்கட்டியின் மேல், சக்கரங்களை இறக்காமல் விமானத்தை வயிற்றால் சறுக்கி இறக்கினார். எரியும் விமானத்தை, இருட்டில், பனியின் மேல் இறக்கியும் ஓர் உயிர்கூடப் போகவில்லை என்பதை இன்றும் வியக்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் விமானப் பொறியாளர் விக் ஸ்டீவன்ஸுக்குக் கணுக்கால் முறிந்துவிட்டது. போரில் சேராத சுவீடனின் எல்லையோ கிழக்கே, பனி மூடிய மலைகளுக்கு அப்பால். அவரால் நடக்க முடியாது. அவரைச் சுமந்து சென்றால் எல்லோருமே பிடிபடுவார்கள். மற்றவர்கள் அவரை விட்டுவிட்டு நடந்தார்கள். நார்வே மக்களின் உதவியோடு அவர்கள் சுவீடனை அடைந்தார்கள். ஸ்டீவன்ஸ் ஜெர்மானியரிடம் போர்க்கைதியானார். தோழனைப் பனியில் விட்டுப் போன அந்த முதல் சில அடிகளை அவர்கள் எப்படி எடுத்து வைத்திருப்பார்கள் என்ற நினைப்பு அன்று முழுவதும் என்னை விடவில்லை.

பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் பறந்த ஏறத்தாழ 1,25,000 பேரில் 55,573 பேர் மாண்டார்கள். அந்தக் கணக்கில், விழுந்த விமானத்திலிருந்து எல்லோரும் உயிரோடு வெளியே வந்தது பெரும் பேறு.

சுமார் 12 மணி நேரம் கழித்துப் பனி விரிசல் விட்டு, விமானம் ஏரிக்குள் மூழ்கியது. 1971-இல் நார்வே முக்குளிப்போர் ஏறக்குறைய 27 மீட்டர் ஆழத்தில் அதைக் கண்டார்கள். 1973-இல் பிரிட்டிஷ் வான்படையின் முக்குளிப்போரும் அவர்களும் சேர்ந்து வெளியே எடுத்தார்கள். குளிர்ந்த நன்னீரில் கிடந்ததால்தான் இந்த அளவாவது மிஞ்சியிருக்கிறது.

அதே அருங்காட்சியகத்தில், 137 தாக்குதல்களுக்குப் போய் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்த ஒரு லங்காஸ்டரும் நிற்கிறது. அதன் எதிரே கூட்டம் அதிகம். புறப்படும் முன் மகள் மறுபடியும் ஹாலிஃபாக்ஸிடமே போனாள். "அந்தக் கால் உடைஞ்சவர் எங்கப்பா உட்கார்ந்திருப்பார்?" என்றாள். விமானியின் இருக்கைக்குச் சற்றுப் பின்னால் கையைக் காட்டினேன். அவள் தடுப்புக் கயிற்றைப் பிடித்தபடி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.