நாக்கில் ஆரம்ப நிலைப் புற்றுநோய்: கழுத்தையும் சேர்த்துச் செய்துகொண்ட அறுவை சிகிச்சை

என் நாக்கின் இடது ஓரத்தில் வந்த புண் பார்ப்பதற்குச் சிறியதாகவே இருந்தது. காரம் பட்டால் எரியும். மற்ற நேரங்களில் வலி இல்லை. பல் மருத்துவர் அந்த இடத்தில் உரசிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லின் கூர்முனையைத் தேய்த்து மழுக்கிவிட்டு, இரண்டு வாரங்களில் ஆறாவிட்டால் கட்டாயம் திரும்பி வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். புண் ஆறவில்லை. அடுத்த முறை அவர் புண்ணைக் கண்ணால் பார்த்ததைவிடக் கையால் தொட்டுப் பார்த்ததே அதிகம். கையுறை அணிந்த இரு விரல்களுக்கிடையில் நாக்கின் ஓரத்தைப் பிடித்து அழுத்தியபோது, புண்ணுக்கு அடியில் சதை கெட்டிப்பட்டிருப்பது எனக்கே தெரிந்தது. புண்ணிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்சிக்கு உடனே எழுதிக் கொடுத்தார். முடிவு செதிள் செல் புற்றுநோய் என்று வந்தது. வாயில் தோன்றும் புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவைதான்.

நாக்கில் எவ்வளவு போகும், அதன் பிறகு பேச முடியுமா, சாப்பிட முடியுமா என்ற கேள்விகளோடுதான் அறுவை சிகிச்சை மருத்துவரிடம் போனேன். அவரோ எம்ஆர்ஐ படத்தை வைத்துக்கொண்டு முதலில் ஆழத்தைப் பற்றித்தான் பேசினார். கட்டி மேற்பரப்பில் 2 செ.மீ.க்கும் குறைவு, ஆனால் சுற்றியுள்ள நல்ல தோலின் மட்டத்திலிருந்து கீழ்நோக்கி 6 மி.மீ. அளவுக்கு இறங்கியிருந்தது. முன்பு நீள அகலத்தை மட்டும் வைத்தே சிறிய கட்டிகளின் நிலையைக் கணித்தார்கள். 2018 முதல் நடைமுறையில் இருக்கும் வகைப்பாட்டில் ஆழமும் சேர்ந்துவிட்டது: 2 செ.மீ.க்கு உட்பட்ட கட்டி 5 மி.மீ. ஆழம் வரை இருந்தால் டி1 (கட்டியின் அளவைக் குறிக்கும் எழுத்து டி), அதைத் தாண்டி 10 மி.மீ. வரை போனால் டி2. ஆகவே என்னுடையது டி2. கழுத்து நெறிகளில் (நிணநீர் முடிச்சுகளில்) எதுவும் தென்படாததால் மொத்தத்தில் இரண்டாம் நிலை; இதுவும் ஆரம்ப நிலையாகவே கருதப்படுகிறது.

அதன் பிறகு அவர் சொன்னதுதான் நான் எதிர்பார்க்காதது. நாக்கில் செய்யும்போதே இடது பக்கக் கழுத்து நெறிகளையும் எடுத்துவிட வேண்டும் என்றார். கழுத்தில்தான் ஒன்றும் இல்லையே என்று கேட்டேன். "கைக்கும் ஸ்கேனுக்கும் தெரியவில்லை என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும். நாக்கில் நிணநீர்க் குழாய்கள் நிறைய உண்டு, ஆழம் கூடக்கூட, கண்ணுக்குத் தெரியாத அளவில் செல்கள் கழுத்துக்குப் போயிருக்கும் வாய்ப்பும் கூடும்" என்று பதில் சொன்னார். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நடந்து 2015இல் வெளியான ஆய்வையும் எடுத்துச் சொன்னார். ஆரம்ப நிலை வாய்ப் புற்றுநோய் உள்ள, கழுத்தில் எதுவும் தென்படாத நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு முதலிலேயே நெறிகளை நீக்கினார்கள். மற்றவர்களுக்கு நெறி கட்டினால் அப்போது நீக்கலாம் என்று காத்திருந்தார்கள். மூன்று ஆண்டுகளின் முடிவில் உயிரோடு இருந்தவர்கள் முதல் பிரிவில் 80 சதவீதம், காத்திருந்த பிரிவில் 67.5 சதவீதம். அந்த ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நாக்குப் புற்றுநோயாளிகள். தோள்பட்டை வலி, கீழுதட்டின் ஓரம் சற்றுக் காலம் இறங்கி நிற்பது, கழுத்துத் தழும்பு ஆகியவை இதற்குக் கொடுக்க வேண்டிய விலை என்பதையும் அவர் மறைக்கவில்லை. வசதியுள்ள சில இடங்களில் கட்டியிலிருந்து நிணநீர் முதலில் வந்து சேரும் ஓரிரு நெறிகளை மட்டும் எடுத்துச் சோதித்துவிட்டு மேற்கொண்டு முடிவெடுக்கும் முறையும் உண்டு. நான் முழுமையாக எடுக்கவே சம்மதித்தேன். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

கதிர்வீச்சு மட்டும் போதாதா என்று வீட்டில் கேட்டார்கள். நாக்கின் முன்பகுதிக் கட்டியை வெட்டி எடுக்க முடிகிற நிலையில் அறுவை சிகிச்சைதான் முதல் தேர்வு. கதிர்வீச்சு தேவைப்பட்டால் பிறகு கொடுப்பதற்காகக் கையில் இருக்கும், அதன் வாய் வறட்சியும் தாடையெலும்புப் பாதிப்பும் எல்லோருக்கும் வர வேண்டியதில்லை என்று மருத்துவர் விளக்கினார்.

மூக்கு வழியாகச் சுவாசக் குழாய் செலுத்தி முழு மயக்கத்தில் செய்தார்கள். கட்டியைச் சுற்றிலும் அடியிலும் ஏறத்தாழ 1 செ.மீ. நல்ல சதையையும் சேர்த்து வெட்டியெடுத்து, விளிம்புகளை அங்கேயே உறையவைத்துச் சோதித்த பிறகு நாக்கை நேராகத் தைத்துவிட்டார்கள். நாக்கில் பெரிய பகுதி போனால்தான் பெரும்பாலும் வேறிடத்திலிருந்து சதை எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும். எனக்கு அது தேவைப்படவில்லை. கழுத்தில் தாடைக்குக் கீழே இருக்கும் மடிப்பை ஒட்டிக் கீறி, கொழுப்போடு சேர்த்து மேல், நடு நெறிகளையும் தாடைக்கீழ் உமிழ்நீர்ச் சுரப்பியையும் எடுத்தார்கள்.

விழித்தபோது நாக்கு வாயை அடைத்துக்கொண்டு கிடந்தது. வலி மருந்துக்குக் கட்டுப்பட்டது. எச்சிலை விழுங்க முடியாததுதான் பெரும் துன்பம். உறிஞ்சு குழாயைக் கையிலேயே வைத்திருந்தேன். சொல்ல வேண்டியதையெல்லாம் நோட்டில் எழுதிக் காட்டினேன். மூக்குக்குழாய் வழியாகத்தான் உணவு. கழுத்திலிருந்து வடியும் நீரைச் செவிலியர் நாள்தோறும் அளந்து குறித்துக்கொண்டார். அளவு நன்றாகக் குறைந்த பிறகே அந்தக் குழாயை எடுத்தார்கள். வாய் கொப்பளிப்பதை யாரும் தட்டிக் கழிக்கக் கூடாது. தையலில் உணவுத் துணுக்கு தங்கினால் புண் ஆறுவது தாமதமாகும்.

பேச்சுப் பயிற்சி வீக்கம் வடியத் தொடங்கியதும் ஆரம்பமானது. எனக்கு மிகவும் அடம்பிடித்தவை ட, ள, ழ. கண்ணாடி முன் உட்கார்ந்து நாக்கின் நுனியை மேலண்ணத்துக்குத் தூக்கி, அங்கேயே நிறுத்திப் பிறகு விட வேண்டும். தையல் இழுக்கும். பயிற்சியாளர் வேகத்தைக் குறைத்து ஒவ்வொரு அசையையும் முழுமையாகச் சொல்ல வைத்தார். தொலைபேசியில் எதிர்முனையில் இருப்பவர் திரும்பக் கேட்காமல் புரிந்துகொள்ளும் அளவுக்கு என் பேச்சு தேறியது. களைத்திருக்கும்போது மட்டும் இன்றும் சற்றுக் குழறும். சாப்பிடும்போது கவளத்தை வலப்பக்கமாக ஒதுக்கி மெல்லப் பழகிவிட்டேன்.

வெட்டியெடுத்த சதையைச் சோதித்துத் தரும் நோயியல் அறிக்கைக்காகக் காத்திருந்த காலம் அறுவை சிகிச்சையைவிடக் கடினமானது, ஏனென்றால் அடுத்து என்ன என்பதை அந்தத் தாள்தான் தீர்மானிக்கும். மிக நெருக்கமான விளிம்பு, அதாவது கட்டிக்கும் வெட்டிய ஓரத்துக்கும் இடையிலான மிகக் குறைந்த தூரம், 6 மி.மீ. என்று இருந்தது. வெட்டியது 1 செ.மீ. அல்லவா என்று பதறினேன். எடுத்த சதை சுருங்கிவிடும், 5 மி.மீ.யும் அதற்கு மேலும் இருந்தால் தெளிவான விளிம்பு என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. ஆழம் 7 மி.மீ.; நரம்பைச் சுற்றிப் படரவில்லை, இரத்தக் குழாய்களிலும் நிணநீர்க் குழாய்களிலும் புகவில்லை, எடுத்த நெறிகளில் எதிலும் புற்றுநோய் இல்லை. கதிர்வீச்சு வேண்டாம் என்று மருத்துவக் குழு முடிவு செய்தது. நெறிகள் சுத்தமாக இருந்ததால் கழுத்தில் கைவைத்தது வீண் என்று ஒருவர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவை சுத்தம் என்று உறுதியாகத் தெரிந்ததால்தான் கதிர்வீச்சு வேண்டாம் என்று துணிந்து சொல்ல முடிந்தது.

தோள்பட்டையைத்தான் அதிகக் காலம் கவனிக்க வேண்டியிருந்தது. நெறிகளுக்கு ஊடே ஓடும் தோள் நரம்பைக் காப்பாற்றியிருந்தாலும், அதை விலக்கி வேலை செய்ததால் கையைத் தலைக்கு மேல் தூக்குவது சிரமமாயிற்று. சுவரில் விரல்களை ஊன்றி மேலேற்றும் பயிற்சியை விடாமல் செய்துவருகிறேன். நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்தான் திரும்பும் என்பதால் இப்போதைக்கு அடுத்தடுத்து வரச் சொல்கிறார்கள். பிறகு இடைவெளி கூடும். ஒவ்வொரு முறையும் மருத்துவர் நாக்கை அழுத்திப் பார்த்து, கழுத்தின் இரு பக்கங்களையும் தடவிப் பார்க்கிறார். இடையில் வாயில் புதுப் புண்ணோ கழுத்தில் கட்டியோ தெரிந்தால், குறித்த தேதிக்குக் காத்திராமல் உடனே வரும்படி சொல்லியிருக்கிறார்.