மூன்றாம் வாரத்துக் கேள்விகள்

சென்ற சனிக்கிழமை மாலை, எங்கள் ஒன்றியத்தில் வயது வந்தோருக்கான எழுத்தறிவு மையம் நடத்தும் பதினொரு தன்னார்வலர்கள் என் வீட்டுத் திண்ணையில் கூடியிருந்தார்கள். அவர்களில் ஒருவர், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண், தம் மையத்துக்கு வரும் பெரியம்மா ஒருவரின் நோட்டைக் கொண்டுவந்து என் முன் விரித்தார். நூற்று ஐந்து என்று எழுதச் சொன்னதற்கு அந்தப் பெரியம்மா 1005 என்று எழுதியிருந்தார். “மூணு தடவை சொல்லிக் கொடுத்துட்டேன் டீச்சர், திரும்பத் திரும்ப இப்படித்தான் எழுதுறாங்க” என்றார் அந்தப் பெண். அவருடைய குரலில் இருந்தது பெரியம்மா மீதான சலிப்பு அல்ல, தமக்குக் கற்பிக்கத் தெரியவில்லையோ என்ற கவலை.

இந்தக் கேள்வி பயிற்சி நாளில் எழுந்திருக்க வாய்ப்பே இல்லை. வகுப்பு தொடங்கி மூன்று வாரம் ஆன பிறகுதான் எழும். நம் பயிற்சிகளோ வகுப்பு தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. மாநில அளவில் பயிற்சி பெற்றவர் மாவட்டக் கருத்தாளருக்கும், அவர் வட்டார வள மையத்து ஆசிரியர் பயிற்றுநருக்கும், அவர் தன்னார்வலருக்கும் என்று ஒவ்வொரு படியாக இறங்கி வருவதற்குள், திட்டத்தின் நோக்கமும் பதிவேடு எழுதும் முறையும் சேதமில்லாமல் வந்து சேர்கின்றன. கற்பிக்கும் நுணுக்கம்தான் வழியிலேயே சிந்திவிடுகிறது. நான் கலந்துகொண்ட ஒரு பயிற்சியில் செயலியில் பெயர் பதிவது எப்படி என்பதற்கு ஒரு முற்பகல் முழுவதும் போயிற்று. எழுத்தை எப்படி அறிமுகப்படுத்துவது என்பதற்குத் தேநீர் இடைவேளைக்குப் பிறகு இருபது நிமிடம் கிடைத்தது. 2022 முதல் 2027 வரையிலான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் கற்பிப்பவருக்கு ஊதியம் கிடையாது. ஊதியமின்றி மாலை நேரத்தைக் கொடுப்பவருக்கு நாம் திருப்பிக் கொடுக்கக்கூடியது நல்ல பயிற்சி ஒன்றுதான்.

1005க்கு வருகிறேன். அந்தப் பெரியம்மாவுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்து முந்நூற்று எழுபத்தைந்துக்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு என்பதைக் கடைக்காரருக்கு முன்பே சொல்லிவிடுவார். அவர் காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறார்: முதலில் நூறு, அதையடுத்து ஐந்து. பேச்சில் எண் அடுக்கடுக்காகச் சேர்கிறது. எழுத்திலோ இடத்தைப் பொறுத்து மதிப்பு மாறுகிறது. இதை விளக்கத் தரையில் மூன்று கட்டம் போட்டால் போதும். ஒரு நூறு ரூபாய் நோட்டை இடது கட்டத்திலும், ஐந்து ஒற்றை ரூபாய் நாணயங்களை வலது கட்டத்திலும் வைத்து, “நடுவில் பத்து ரூபாய் நோட்டு எத்தனை இருக்கிறது?” என்று கேட்டால், “ஒண்ணுமில்லை” என்று அவரே சொல்வார். அந்த ஒன்றுமில்லைதான் பூஜ்யம். அந்த மாலையில் தன்னார்வலர்கள் தங்கள் பையிலிருந்த சில்லறையை எடுத்து ஒருவருக்கொருவர் இதை நடத்திப் பார்த்தார்கள்.

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது நானும் அந்தப் பெண்ணைப் போலக் கல்லூரி மாணவிதான். அந்த நாட்களைப் பற்றிப் பேசுபவர்கள் கலைப்பயணத்தையும் பாடல்களையும், ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதையும் சொல்வார்கள். எனக்கு அவற்றைவிட அழுத்தமாக நினைவில் நிற்பது, எங்கள் பகுதியில் வாரந்தோறும் தவறாமல் நடந்த கூட்டம். அன்று தேசிய எழுத்தறிவு இயக்கம் வகுத்திருந்த அளவுகோல் மிகத் தெளிவானது: கற்போர் நிமிடத்துக்கு 30 சொற்களை வாய்விட்டும் 35 சொற்களை மனத்துக்குள்ளும் வாசிக்க வேண்டும், பார்த்து எழுதினால் 7 சொற்கள், சொல்வதைக் கேட்டு எழுதினால் 5 சொற்கள். மூன்று பாடநூல்கள், அவற்றுக்குள்ளேயே தேர்வுகள். யார் எந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார்கள் என்று கூட்டத்தில் சொல்வோம், ஏன் நின்றார்கள் என்று பேசுவோம். அதற்குப் பயிற்சி என்று யாரும் பெயர் வைக்கவில்லை. ஆனால் பின்னாளில் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றிய ஆண்டுகளில் எனக்குக் கைகொடுத்தது பெரும்பாலும் அங்கே கற்றதுதான்.

எழுத்து விஷயத்தில் புதிய தன்னார்வலர் எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. தாம் ஒன்றாம் வகுப்பில் கற்றபடியே அ, ஆ, இ என்று தொடங்கி, 247 எழுத்துகளின் அட்டவணையைச் சுவரில் மாட்டிவிடுவார்கள். நாள் முழுவதும் களை பறித்துவிட்டு வந்தவர் அந்த அட்டவணையைப் பார்த்த மாத்திரத்தில் மறுநாள் வரமாட்டார். அறிவொளியில் நாங்கள் ‘பட்டா’, ‘படி’ போன்ற சொற்களிலிருந்து தொடங்கினோம். பட்டா என்றால் நிலம், உரிமை, தாசில்தார் அலுவலகத்து அலைச்சல் எல்லாம் பேச்சுக்கு வந்துவிடும். படியோ அளக்கும் படி, ஏறும் படி, படிக்கச் சொல்லும் படி என்று மூன்று திசையில் இழுக்கும்.

தமிழ் எழுத்தில் வளர்ந்தவர்களைத் தடுக்கி விழவைக்கும் இடங்கள் இரண்டு. ‘மே’ என்று எழுதும்போது ஒலியில் முதலில் வருவது மகரம், எழுத்திலோ கொம்பு முன்னால் நிற்கிறது. அதனால் மகரத்தை எழுதிவிட்டுக் கொம்பை எங்கே போடுவதென்று கை திகைக்கிறது. அடுத்தது உகர வரிசை. ஆகாரத்துக்குக் கால் போட்டால் போதும் என்று பழகியவருக்கு, உகரம் எழுத்துக்கு எழுத்து வேறு வடிவம் எடுப்பது பெரிய அநியாயமாகத் தெரிகிறது. வரிசைப்படி கற்பிக்காமல் வடிவத்தைப் பார்த்து மூன்று குடும்பமாகப் பிரித்தால் சுமை குறையும்: சு, பு, யு, வு ஒரு குடும்பம், கு, டு, மு, ரு, ழு, ளு இன்னொன்று, ணு, து, நு, லு, று, னு மூன்றாவது. இந்த ஒரு குறிப்பைக் கையேட்டின் முதல் பக்கத்தில் அச்சிட்டால் எத்தனையோ தன்னார்வலர்களின் மாலைகள் மிச்சமாகும்.

இன்னொரு மையத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். எழுபதை நெருங்கும் பெரியவர் ஒருவர் ‘மலை’ என்ற சொல்லில் லகரத்தின் தலைமேல் துதிக்கை போலச் சுழித்து எழுத, தன்னார்வலர் அதைத் தவறென்று அடித்துவிட்டார். அந்தப் பெரியவர் சிறுவயதில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் அரசாணையாக வருவதற்கு முன்பு ணை, லை, ளை, னை எழுத்துகள் அப்படித்தான் இருந்தன என்பது இருபது வயதுத் தம்பிக்கு எப்படித் தெரியும்? சிவப்பு மையால் பெருக்கல் குறி போடும் வழக்கத்தை அன்றோடு எங்கள் மையங்களில் நிறுத்திவிட்டோம். அதே பெரியவர் புத்தகத்தைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்ததைக் கவனித்த பிறகுதான், எங்களிடம் ‘மெல்லக் கற்போர்’ என்று குறிக்கப்பட்டிருந்த பலருக்கு வெள்ளெழுத்து என்பது புரிந்தது. அவர்களுக்குத் தேவைப்பட்டது கண்ணாடியும் பிரகாசமான பல்பும்தான்.

வளநூல்களைப் பொறுத்தவரை அடிப்படைப் பாடநூலுக்குப் பஞ்சமில்லை, கைப்பேசியிலும் கிடைக்கிறது. பஞ்சம் அதற்கு அடுத்த படியில்தான். பாடநூலை முடித்தவர் நேரே நாளிதழுக்குத் தாவ முடியாது. ரேஷன் ரசீது, மின்கட்டண அட்டை, பேருந்துச் சீட்டு, வங்கியில் பணம் எடுக்கும் படிவம் ஆகியவற்றை ஒரு கோப்பில் சேர்த்து வைக்கும்படி தன்னார்வலர்களிடம் சொல்கிறேன். அதைவிடப் பயனுள்ளது, கற்போர் சொல்லச் சொல்ல நாம் எழுதி, பெரிய எழுத்தில் அச்சிட்டு, அவர்களிடமே வாசிக்கக் கொடுப்பது. கருவாட்டுக் குழம்பு வைக்கும் முறையை ஒருவர் நான்கு வரியில் சொன்னார். மறுநாள் அதை வாசிக்கையில், தம் வாயிலிருந்து வந்த சொற்கள் என்பதால் எழுத்துக் கூட்டாமலே பாதியைக் கண்டுகொண்டார்.

இதில் எனக்கும் நண்பர்கள் சிலருக்கும் தீராத வழக்கு ஒன்று உண்டு. அவர் “கொதிச்சிருச்சுன்னா” என்று சொன்னதை அப்படியே எழுதுவதா, “கொதித்துவிட்டால்” என்று திருத்தி எழுதுவதா? திருத்தமான தமிழில்தான் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் படிவமோ செய்தியோ என்றும் புரியாது என்பது அவர்கள் கட்சி. தாம் பேசியது தாளில் நிற்பதைக் காணும் வியப்பை முதல் மாதத்திலேயே பறிக்கக் கூடாது என்பது என் கட்சி. நான்காம் வாரத்துக்குப் பிறகு இரண்டையும் அடுத்தடுத்து எழுதிக் காட்டலாம். எங்கள் மையங்களில் இரண்டு வழியையும் சோதித்துக்கொண்டிருக்கிறோம்.

சனிக்கிழமைக் கூட்டத்துக்கு விதி ஒன்றே ஒன்று: ஒவ்வொருவரும் கற்போர் எழுதிய ஒரு பக்கத்தைக் கொண்டுவர வேண்டும். நடவு, அறுப்புக் காலங்களில் மையமே காலியாக இருக்கும் என்பதால் அப்போது கூட்டமும் இல்லை.

வியாழக்கிழமை இரவு அந்தக் கல்லூரிப் பெண் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். பெரியம்மா 105, 208, 307 மூன்றையும் பிழையின்றி எழுதியிருந்தார். அதன் கீழே, ஆயிரத்து ஐம்பது என்று சொன்னதற்கு 100050 என்று இருந்தது. நான்காவது கட்டம் போட வேண்டும்; நாளை அதிலிருந்து தொடங்குகிறோம்.