பொட்டாசியம் ஏறவே இல்லை

வாப்பாவுக்கு அட்டாக் வந்தது நோன்புப் பெருநாள் கழிந்த மூன்றாம் நாள். வாலிநோக்கத்திலிருந்து ராமநாதபுரம், அங்கிருந்து மதுரை, ஒரு ஸ்டென்ட், ஐந்தாம் நாள் வீடு. அதெல்லாம் மளமளவென்று முடிந்துவிட்டது. அப்புறம் வந்த ஏழு வாரம்தான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது.

எக்கோ என்ற இதய ஸ்கேனில் பம்பிங் 35 சதவீதம்தான். கால் வீங்கியதால், தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் தண்ணி மாத்திரை கொடுத்திருந்தார்கள். சர்க்கரை பதினைந்து வருஷமாக உண்டு. உப்பளத்தில் கணக்கு பார்த்த காலத்தில் நேரத்துக்குச் சாப்பிடாமல் வயிற்றைக் கெடுத்துக்கொண்டதால், அமிலம் சுரப்பதை அடக்கும் கேஸ் மாத்திரையும் ஆறு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் வாரம் கெண்டைக்கால் இழுக்க ஆரம்பித்தது. ராத்திரி இரண்டு மணிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உம்மா நல்லெண்ணெய் தேய்த்துவிடுவார். பிறகு படபடப்பு. "நெஞ்சுக்குள்ள மீன் துள்ளுது" என்றார். ஈசிஜியில் நடுநடுவே தப்புத் துடிப்புகள், தசையும் இதயமும் சீராக இயங்கத் தேவையான பொட்டாசியம் ரத்தத்தில் 3.0. குறைந்தது 3.5 இருக்க வேண்டுமாம். பொட்டாசியம் சிரப் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து 3.1. அளவைக் கூட்டினார்கள். மறுபடி 3.0.

குடிக்காமல் வாஷ்பேசினில் ஊற்றுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம். பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்து, ஒவ்வொரு வேளையும் பக்கத்தில் நின்று பார்த்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். கோடு ஒழுங்காக இறங்கியது, பொட்டாசியம்தான் ஏறவில்லை. அந்தச் சண்டைக்காக இப்போதும் அவரிடம் எனக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு.

கடைசியில் ராமநாதபுரத்தில் வயதான டாக்டர் ஒருவர் மாத்திரைப் பையை மேஜையில் கொட்டச் சொன்னார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, "பாய், மெக்னீசியம் பார்த்தீங்களா?" என்றார். ஃபைலைப் புரட்டினேன். சோடியம், பொட்டாசியம், குளோரைடு எல்லாம் இருந்தன, மெக்னீசியம் எங்கேயும் இல்லை. வழக்கமான உப்புச் சத்துப் பரிசோதனையில் அது பெரும்பாலும் சேராது, தனியாக எழுத வேண்டும். எழுதிக் கொடுத்தார். 1.1 வந்தது. அந்த லேப் கணக்குப்படி 1.7க்குக் கீழே போனாலே குறைவு.

சிறுநீரகத்தில் பொட்டாசியம் வெளியே போகும் வாய்களைப் பாதி அடைத்து வைத்திருப்பது மெக்னீசியம்தானாம். அது குறைந்தால் மேலே எவ்வளவு ஊற்றினாலும் கீழே போய்விடும். வாப்பாவுக்கு உடனே புரிந்தது. "மடையை அடைக்காம தண்ணி பாய்ச்சியிருக்கோம்" என்றார்.

மெக்னீசியம் மூன்று பக்கமும் கசிந்திருக்கிறது. தண்ணி மாத்திரையும் சர்க்கரையும் சிறுநீரில் வெளியேற்றின. கேஸ் மாத்திரை குடலில் உறிஞ்சவிடவில்லை. இந்த வகை மாத்திரையை வருஷக்கணக்கில் எடுப்பவர்களுக்கு மெக்னீசியம் இறங்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011லேயே எச்சரித்திருக்கிறது.

சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மானிட்டர் மாட்டி, மெக்னீசியம் சல்பேட் டிரிப்பை மெதுவாக ஏற்றினார்கள். உடம்பெல்லாம் சுடுகிறது என்றார். நர்ஸ் அடிக்கடி வந்து முழங்காலில் சுத்தியலால் தட்டினார். மருந்து அதிகமானால் கால் உதறாதாம். மூன்றாம் நாள் பொட்டாசியம் 3.8. மீன் துள்ளலும் அடங்கியது.

இந்தக் குறைதான் அட்டாக்கைக் கொண்டுவந்ததா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆனால் அடிபட்ட இதயத்துக்கு இது கூடுதல் அடி. இதயச் செல்லின் எரிபொருளான ஏடிபி, மெக்னீசியத்தோடு சேர்ந்தால்தான் வேலை செய்யும். அது குறைந்தால் கால்சியம் அளவுக்கு மீறி உள்ளே புகும், செல்லின் மின்நிலையங்களான மைட்டோகாண்ட்ரியா தடுமாறும், செல்லைச் சிதைக்கும் ஃப்ரீ ராடிக்கல்கள் பெருகும். அவற்றை அடக்கும் குளுட்டாதயோனைச் செய்யவும் மெக்னீசியம் வேண்டும். அடைப்பைத் திறந்து ரத்தம் பாயும்போதும் இதே ஆபத்து உண்டாம். ஆக்சிஜன் திடீரென்று வருவதால், தணலில் விசிறினால் பொறி பறப்பதுபோல, ஃப்ரீ ராடிக்கல்கள் கிளம்பி, பிழைத்திருந்த செல்களிலும் சில சாகும். மெக்னீசியம் இல்லாத தீனி கொடுத்த ஹாம்ஸ்டர் எலிகளின் இதயத்தில் சேதம் வந்ததையும், வைட்டமின் ஈ அதைக் குறைத்ததையும் ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள்.

அப்படியானால் அட்டாக் வந்த எல்லோருக்கும் ஏற்றிவிடலாமே? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1992இல் வெளியான, இங்கிலாந்தின் லெஸ்டரில் சுமார் 2,300 பேரிடம் நடந்த லிமிட்-2 ஆய்வில் இறப்பு கால்வாசி குறைந்தது. 1995இல் வெளியான, 58,000 பேரைச் சேர்த்த ஐசிஸ்-4 ஆய்வில் பலனே இல்லை. அதனால் குறை இருப்பவருக்குத்தான் மருந்து. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இது உடம்பில் தேங்கிவிடும். வாட்ஸ்அப்பில் வருவதைப் பார்த்து மெக்னீசியம் மாத்திரை வாங்கி விழுங்குகிறவர்கள் இதைக் கவனித்தால் நல்லது.

டாக்டர் கேஸ் மாத்திரையை வேறு வகைக்கு மாற்றி, தண்ணி மாத்திரையைக் குறைத்து, பொட்டாசியத்தைப் பிடித்துவைக்கும் இன்னொன்றைச் சேர்த்தார். சிரப் நின்றது. மெக்னீசியம் மாத்திரை முதலில் வயிற்றைக் கலக்கியது, இரண்டு வேளையாகப் பிரித்ததும் சரியானது. வீட்டில் முருங்கைக்கீரையும் கம்பும் வந்தன.

"இது எங்கே கிடைக்குது?" என்று வாப்பா ஒருநாள் கேட்டார். கடல் தண்ணீரில் லிட்டருக்கு 1.3 கிராம் அளவுக்கு இருக்கிறது, உப்பு எடுத்தபின் பாத்தியில் மிஞ்சும் தண்ணீர் கசப்பதும் அதனால்தான் என்றேன். சிரித்துவிட்டார். முப்பது வருஷம் அந்தத் தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிட்ட கை அது.

போன வாரம் லேப்புக்குப் போனோம். ஊசி குத்துவதற்கு முன்னால், "தம்பி, மெக்னீசியமும் எழுதியிருக்கா பாரு" என்று அவரே கேட்டார். எழுதியிருந்தது. 1.9.