விட்பியர், இரண்டாம் ஊறல்: கோதுமையும் உமியும்

பெல்ஜியத்தின் லூவன் நகரில் குடியிருந்துகொண்டு விட்பியர் காய்ச்சத் தெரியாமல் இருப்பது, கும்பகோணத்தில் இருந்துகொண்டு காபி போடத் தெரியாமல் இருப்பதைப் போல. இந்தக் கோதுமை பியரின் தாய்வீடான ஹூகார்டன் பக்கத்து ஊர்தான். அங்கே கடைசி விட்பியர் ஆலை 1957இல் மூடப்பட்டது. பால்காரராக இருந்த பியேர் செலிஸ் என்பவர் 1966இல் அதை மீண்டும் காய்ச்சத் தொடங்கினார். ஒரு பால்காரரால் முடிந்தது என்னால் முடியாதா என்றுதான் நானும் இறங்கினேன்.

காகிதத்தில் கணக்கு எளிதாகவே வந்தது. 20 லிட்டருக்கு பில்ஸ்னர் மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) 2.3 கிலோ, முளைகட்டாத கோதுமை 2.1 கிலோ, ஓட்ஸ் 250 கிராம். தானியத்திலுள்ள சர்க்கரையில் 70 சதவீதம் கைக்கு வரும் என்று வைத்துக்கொண்டால் ஈஸ்ட் போடுமுன் சாற்றின் அடர்த்தி, அதாவது தொடக்க அடர்த்தி, 1.048 (வெறும் நீர் 1.000). கசப்புக்கு, கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலம் 3.5 சதவீதமுள்ள சாஸ் ரக ஹாப்ஸ் பூ 35 கிராம், ஒரு மணி நேரக் கொதி. கடைசி 5 நிமிடத்தில் கொத்தமல்லி விதையும் காய்ந்த கசப்பு ஆரஞ்சுத் தோலும். என் கவலையெல்லாம் அந்த மசாலாவின் மேல்தான் இருந்தது. தானியத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை.

முதல் முறை, உடைத்த தானியத்தை 67 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துவிட்டு, சாற்றை வடிக்கக் குழாயைத் திறந்தேன். (இப்படி ஊறவைப்பதை ஆங்கிலத்தில் மேஷ் என்பார்கள். அதற்கு ஊறல் என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. என்ன, அதைக் கேட்டாலே போலீஸ் அழித்த பானைகள்தான் கண்முன் வரும்.) சாறு நூல்போல வந்தது, பிறகு சொட்டியது, பிறகு நின்றே போனது. மூடியைத் திறந்து கரண்டியை விட்டால் கூழாக ஒட்டிக்கொண்டு வந்தது. பார்லியை உடைத்தாலும் உமி கூடவே இருக்கும், அதுவே வடிகட்டி. கோதுமையோ களத்திலேயே உமியை உதறிவிட்டு வருகிற தானியம். போதாததற்கு, ஓட்ஸின் பிசுபிசுப்பு வேறு. கிளறுவதும் காத்திருப்பதுமாக ஒன்றரை மணி நேரம் போனது.

வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு சாறு விட்டு, அதன்மேல் ஒரு சொட்டு அயோடின் விட்டுப் பார்த்தேன். பளிச்சென்று கருநீலம்! மாவுச்சத்து சர்க்கரையாக மாறவில்லை. கோதுமையை நான் ரவையைவிடப் பெரிதாக உடைத்திருந்தேன். குருணையின் நடுப்பகுதிக்கு மால்ட்டின் நொதிகள் போய்ச் சேரவே இல்லை. அடர்த்தி 1.041இல் நின்றது. கொத்தமல்லியிலும் கை தாராளம், 30 கிராம். பாட்டிலைத் திறந்தால் ஆறிப்போன ரசத்தின் வாசனை. 18 லிட்டரையும் நானேதான் குடித்துத் தீர்த்தேன்.

இரண்டாம் முறைக்கு முதலில் வாங்கியது உமி, அரிசி உமி. பியர் காய்ச்சும் பொருள்கள் விற்கும் கடையில் அழகான பையில் போட்டு விற்கிறார்கள். தொலைபேசியில் அப்பாவிடம் சொன்னேன். "உமியையா யூரோ கொடுத்து வாங்கினாய்?" என்றார். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

250 கிராம் உமியைக் கழுவி, தானியத்தோடு கலந்தேன். கோதுமையை இரண்டு முறை அரைவையில் விட்டேன், நைஸ் ரவைப் பதம் வரும்வரை. 50 டிகிரி நீர் 11 லிட்டர் ஊற்றியதும் ஊறல் 45இல் நின்றது. அதில் 15 நிமிடம் விடுவது கிராம்பு வாசனைக்காக: அந்தச் சூட்டில் தானியத்திலிருந்து ஃபெருலிக் அமிலம் பிரிந்து வரும், அதைப் பின்னால் ஈஸ்ட் கிராம்பு மணமாக மாற்றிக்கொள்ளும். பிறகு 9 லிட்டர் கொதிநீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறினேன். 66.5 டிகிரி. அரை டிகிரிக்காக மல்லுக்கு நிற்கவில்லை. 70 நிமிடம் கழித்து அயோடின் சொட்டு தன் பழுப்பு நிறத்திலேயே கிடந்தது. குழாயைத் திறந்தேன், விரல் பருமனில் கொட்டியது. அந்தச் சத்தத்தைக் கேட்கவே இன்னொரு முறை காய்ச்சலாம்.

அடர்த்தி 1.047. கொத்தமல்லி இம்முறை 12 கிராம், அதையும் பொடியாக்காமல் அம்மியில் ஒரே தட்டு. இந்தியக் கடையில் கிடைக்கும் நீள்வாட்ட விதையே எனக்குப் பிடித்திருக்கிறது. இங்குள்ள சிறிய உருண்டை விதையைவிட அதில் எலுமிச்சை வாசம் தூக்கல். ஈஸ்ட், விட்பியருக்கென்றே விற்கும் வையீஸ்ட் 3944. நொதித்தலை 20 டிகிரியில் தொடங்கி 22இல் முடித்தேன். சோம்பேறி ஈஸ்ட், 12 நாள் எடுத்துக்கொண்டது. அடர்த்தி 1.010இல் நின்றதும், நுரைக்காக லிட்டருக்கு 8 கிராம் சர்க்கரை சேர்த்து பாட்டிலில் அடைத்தேன். ஆல்கஹால் 4.9 சதவீதம்.

மூன்று வாரம் கழித்து முதல் பாட்டில். வைக்கோல் நிறம், பால் கலந்த மாதிரி மங்கல், வெண்ணுரை. மாடி வீட்டு பிளெமிஷ் பெரியவருக்கு ஒரு கிளாஸ் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, "நன்றாக இருக்கிறது, கொத்தமல்லிதான் கொஞ்சம் குறைவு" என்றார். அடுத்த முறைக்கு 15 கிராம் என்று குறித்து வைத்திருக்கிறேன்.