கலர் கம்மி, குரல் கணீர்

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணை "நல்ல கலரு" என்று சொன்னால் அவள் வெள்ளைத்தோல்காரி என்று அர்த்தம். "கலர் கொஞ்சம் கம்மி" என்றால் என்னைப் போல. அதனால் சில வருடங்களுக்கு முன்பு, வேலைக்குப் போகிற மின்சார ரயிலில் காதில் மாட்டிக்கொண்டு கேட்ட ஒரு அமெரிக்க பாட்காஸ்டில் "விமன் ஆஃப் கலர்" என்று வந்தபோது எனக்கு ஒன்றுமே புரியவில்லை. கலரான பெண்களுக்கு என்ன குறைச்சல், அவர்களுக்கு எதற்குத் தனியாக ஒரு நிகழ்ச்சி என்றுதான் நினைத்தேன். நாலைந்து எபிசோட் கேட்ட பிறகுதான் அங்கே கலர் என்றால் வெள்ளை அல்லாதது என்று உறைத்தது. அந்த ஊரில் நான் கலர் உள்ளவள்! அம்மாவிடம் சொன்னேன், "அப்ப அங்கயே மாப்பிள்ளை பாத்துடலாமா" என்றாள்.

அந்தச் சொல் எப்படி வந்தது என்று அமெரிக்கக் கறுப்பினப் போராளி லோரெட்டா ராஸ் சொல்லும் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1977-ல் ஹூஸ்டனில் தேசியப் பெண்கள் மாநாடு நடக்கிறது. மாநாட்டுத் தீர்மானங்களில் சிறுபான்மைப் பெண்களுக்கு என்று ஒதுக்கியிருந்தது ரொம்பச் சொற்பம், அதனால் கறுப்பினப் பெண்கள் தாங்களே ஒரு திட்டம் எழுதிக்கொண்டு வருகிறார்கள். மற்ற சிறுபான்மைப் பெண்களும் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்க, எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெயர் தேவைப்படுகிறது. அப்படிப் பிறந்த பெயர் அது. தோலைப் பார்த்து யாரோ வைத்ததில்லை, சேர்ந்து வேலை செய்வோம் என்று அவர்களே போட்டுக்கொண்ட ஒப்பந்தம்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

எட்டாவது படிக்கும்போது பள்ளி ஆண்டு விழாவில் நிகழ்ச்சி அறிவிப்பாளராக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒத்திகை முழுக்க மேடை நடுவில் நின்றுதான் பேசினேன். விழாவுக்கு முதல் நாள் டீச்சர் வந்து, "உனக்குக் குரல் கணீர்னு இருக்கு, நீ ஸ்க்ரீனுக்குப் பின்னாடி நின்னே பேசிடு, முன்னாடி சும்மா வெறுமையா இருந்தா நல்லா இருக்காது, அவ நிக்கட்டும்" என்று இன்னொரு பெண்ணைக் காட்டினார். அவள் நல்ல கலர். பாவம், அவளுக்கு ஒரு வேலையும் இல்லை, தட்டில் குங்குமமும் கற்கண்டும் வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் சிரித்தபடி நின்றாள். அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து, "உன் குரல் அங்க வரைக்கும் கேட்டுச்சுடீ" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

2021-ல் நானே ஒரு பாட்காஸ்ட் ஆரம்பித்தேன். செலவு என்று பார்த்தால் ஒரு காலர் மைக், அவ்வளவுதான். போன் இருக்கிறது, வெட்டி ஒட்ட ஆடாசிட்டி இலவசம், ஸ்டுடியோவுக்கு அம்மாவின் பீரோ. இதைக் கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் பீரோ கதவுகளைத் திறந்து வைத்து, தொங்குகிற சேலைகளுக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு பேசினால் எதிரொலி சுத்தமாகப் போய்விடும். ஃபேனை நிறுத்த வேண்டும். வியாசர்பாடியில் மே மாதம் ஃபேன் இல்லாமல் இருபது நிமிடம் பேசிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டு குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம் இந்த "ப" இருக்கிறதே, மைக்கை நேராக வாய்க்கு எதிரே வைத்தால் ஒவ்வொரு "ப"வும் பட்டாசு மாதிரி வெடிக்கும், கொஞ்சம் பக்கவாட்டில் வைத்துப் பேசினால் அடங்கிவிடும்.

அமெரிக்காவில் 2015-ல் வந்த "அனதர் ரவுண்ட்", 2016-ல் வந்த "2 டோப் க்வீன்ஸ்" இரண்டிலும் கறுப்பினப் பெண்கள் பேசுவதைக் கேட்டால், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும், ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து சத்தமாகச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே நானும் ஆரம்பித்தேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிதான் உண்மை. பாட்காஸ்டில் முகம் தெரியாது. இந்த முறை யாரும் சொல்லாமல் நானே போய் ஸ்க்ரீனுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

இது எனக்குப் புரிந்தது லோகோ வரையும்போது. தோழியின் தம்பி வரைந்து கொடுத்தான், மைக் பிடித்த பெண், சுருட்டை முடி, எல்லாம் சரி, முகம் மட்டும் கோதுமை மாவு. கொஞ்சம் கருப்பாக்கு என்றேன். ஆக்கினான். இன்னும் கொஞ்சம் என்றேன். "அக்கா, இதுக்கு மேல போனா மூஞ்சியே தெரியாது" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, நம்மூர்க் கல்யாண ஆல்பங்களில் பெண்ணின் கையும் முகமும் வேறு வேறு ஆட்களுடையது போல இருப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து, கருப்பு முகத்தை வரைகிறவர்கள் எப்படித்தான் வரைகிறார்கள் என்று தேடினேன். ஏமி ஷெரால்ட் அப்படித்தான் கிடைத்தார். 2018-ல் வாஷிங்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் வைத்த மிஷெல் ஒபாமா படத்தை வரைந்தவர். அதில் மிஷெலின் தோல் பழுப்பும் இல்லை, கருப்பும் இல்லை, சாம்பல் நிறம். அவர் வரைகிற எல்லா மனிதர்களுக்கும் தோல் சாம்பல்தான், உடைகள் மட்டும் பளீரென்று இருக்கும். பார்க்கிறவர் முதலில் இனத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிடக் கூடாது என்பது அவர் எண்ணம். அப்போது நிறையப் பேர் மிஷெல் மாதிரியே இல்லை என்று திட்டினார்கள். எனக்கு என்னவோ அந்தச் சாம்பலைப் பார்த்ததும் எங்கள் ஆயாவின் பழைய கருப்பு வெள்ளைப் படம்தான் ஞாபகம் வந்தது. அதில் எல்லோரும் ஒரே கலர்.

அங்கிருந்து பெட்டி சார் (Betye Saar) என்ற கறுப்பினப் பெண் கலைஞரிடம் போனேன். 1972-ல் அவர் செய்த ஒரு சிறிய பெட்டிக் கலைப்பொருள் இருக்கிறது. அமெரிக்காவில் பான்கேக் மாவுப் பொட்டலத்தில் அன்ட் ஜெமைமா என்று சிரித்த முகத்தோடு ஒரு கறுப்பின வேலைக்காரம்மா படம் பல தலைமுறைகளாக இருந்தது. சார் அதே மாதிரி பொம்மை ஒன்றை எடுத்து, ஒரு கையில் துடைப்பம், இன்னொரு கையில் துப்பாக்கி கொடுத்து நிற்க வைத்துவிட்டார். அந்த மாவு கம்பெனி பெயரையும் படத்தையும் எடுத்துவிடுகிறோம் என்று அறிவித்தது 2020 ஜூனில், ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் கையில் கொல்லப்பட்ட பிறகு. கலைஞருக்கும் கம்பெனிக்கும் நடுவில் 48 வருடம்! அதே ஜூனில்தான் இங்கே 1975-ல் இருந்து விற்ற ஃபேர் அண்ட் லவ்லியும் "ஃபேர்" என்ற சொல்லை எடுப்பதாகச் சொல்லி, அப்புறம் குளோ அண்ட் லவ்லி ஆனது. எங்கள் தெரு மளிகைக் கடையில் இன்றைக்கும் பழைய பெயரைச் சொன்னால்தான் டியூப் வருகிறது. இதற்கெல்லாம் முன்பே, 2009-ல், இதே சென்னையில் விமன் ஆஃப் வொர்த் அமைப்பு "டார்க் இஸ் பியூட்டிஃபுல்" என்று பிரச்சாரம் தொடங்கியிருந்தது. நந்திதா தாஸ் பிற்பாடு அதில் சேர்ந்த பிறகுதான் என் காதுக்கே வந்தது, அது என் லட்சணம்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் கதையும் நம் கதையும் ஒன்றே என்று நான் சொல்ல மாட்டேன். இங்கே கருப்பு என்பதோடு சாதி ஒட்டிக்கொண்டு வரும், கருப்பாக இருக்கிற மேல்சாதிப் பெண்ணுக்கு நடப்பதும் எங்கள் தெருப் பெண்ணுக்கு நடப்பதும் வேறு. ஆனால் கடிதப் போக்குவரத்து பழையது. 1946-லேயே அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார், 1972-ல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் இயக்கம் பெயர் வைத்துக்கொண்டதே அங்கிருந்த கறுப்பின இயக்கமான பிளாக் பேந்தர்ஸைப் பார்த்துத்தான். 2018 ஜனவரியில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு கீழ்ப்பாக்கத்தில் மேடை ஏறியபோது, ஆண்களே பாடிக்கொண்டிருந்த கானாவை இசைவாணி நடுவில் நின்று பாடினார். ஸ்க்ரீனுக்கு முன்னால்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். இந்தப் பதிவே அதற்காகத்தான்.

ஸ்டேஷன் பக்கத்தில் இட்லிக் கடை போட்டிருக்கும் அக்காவை ஒரு எபிசோடுக்குப் பேச வைத்தேன். ஒரு மணி நேரம் பேசினார். நடுவில் நாலு தடவை ரயில் போனது, இரண்டு தடவை யாரையோ திட்டினார், ஒரு தடவை அழுதார், அழுகைக்குப் பிறகு ரொம்ப நேரம் பேசவில்லை, சட்னி கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. நான் வீட்டுக்கு வந்து ரயிலை வெட்டினேன், திட்டை வெட்டினேன், மௌனத்தை வெட்டினேன். 22 நிமிடம், சுத்தமான ஆடியோ. கூடவே அவர் பேசியதை எழுத்தாக்கியும் போட்டேன். புருஷன் இறந்ததைப் பற்றி அவர் சொன்னது இது: "செத்த மூணாம் நாளே அடுப்ப பத்த வெச்சேன், இன்னா பண்றது, துட்டு யாரு குடுப்பா?" நான் எழுதியது இது: "கணவர் மறைந்த மூன்றாம் நாளே தொழிலைத் தொடர்ந்தேன். பொருளாதாரச் சூழல் அப்படி." அப்போது எனக்கு அதில் பெருமை வேறு. மரியாதையாக எழுதியிருக்கிறோம், படிக்கிறவர்கள் அவரைக் கேலி செய்ய மாட்டார்கள் என்று.

அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. மகள் படித்துக் காட்டியிருக்கிறாள். மறுநாள் காலையில் இட்லி வாங்கப் போனேன்.

"இன்னாமா இது? நான் எங்க இப்டி பேசுனேன்? யாரோ டீச்சரம்மா பேசுன மாதிரி கீது."

"இல்லக்கா, கொஞ்சம் நல்லா இருக்கட்டும்னு..."

"அப்ப நான் பேசுனது நல்லா இல்லியா?"

பதில் சொல்ல முடியவில்லை. டீச்சரம்மா என்ற சொல்தான் சரியாகக் குத்தியது.

சோஜர்னர் ட்ரூத் பற்றி அதற்கு அடுத்த வாரம்தான் படித்தேன். 1851-ல் ஒஹாயோவின் ஏக்ரன் நகரத்தில், பெண்கள் உரிமை மாநாட்டில், அடிமையாகப் பிறந்து விடுதலையான அவர் எழுந்து பேசிய பேச்சு உலகப் புகழ். "நானும் ஒரு பெண் இல்லையா" என்று திரும்பத் திரும்ப அதில் வரும், டீஷர்ட்டில்கூட அச்சடிக்கிறார்கள். ஆனால் பேசிய சில வாரங்களில் மேரியஸ் ராபின்சன் பத்திரிகையில் போட்ட வடிவத்தில் அந்த வரியே கிடையாது. அது வந்தது 12 வருடம் கழித்து, 1863-ல், பிரான்சஸ் கேஜ் என்ற வெள்ளைக்காரப் பெண் எழுதியதில். கேஜ் அந்தப் பேச்சு முழுவதையும் தென்மாநில அடிமைகளின் கொச்சையில் எழுதினார். ட்ரூத் பிறந்ததோ நியூயார்க் மாநிலத்தில், டச்சு பேசும் வீட்டில், அவருடைய முதல் மொழியே டச்சு. கேஜின் வடிவத்தில் 13 பிள்ளை பெற்றேன் என்று வரும், ட்ரூத் பெற்றது 5. இதில் கொடுமை என்னவென்றால் கேஜ் எதிரியே இல்லை. அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர், ட்ரூத் பக்கம் நின்றவர். அவர் கொச்சை சேர்த்தார், நான் கொச்சையை எடுத்தேன், வேலை ஒன்றுதான்.

எதிரிகள் வெட்டுவது வேறு மாதிரி. 1964 ஆகஸ்டில் அட்லாண்டிக் சிட்டியில் ஜனநாயகக் கட்சி மாநாட்டில், மிசிசிப்பியின் பருத்திக் காட்டுக்காரி ஃபேனி லூ ஹேமர், வாக்காளராகப் பெயர் பதியப் போனதற்காக வேலையும் வீடும் போனதை, வினோனா ஜெயிலில் அடித்ததை, டிவி கேமரா முன்னால் சொல்லிக்கொண்டிருந்தார். ஜனாதிபதி ஜான்சன் திடீரென்று ஒரு பத்திரிகையாளர் சந்திப்பு வைத்து கேமராக்களைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு ராத்திரி டிவிக்காரர்கள் ஹேமர் பேசியதைத் திரும்பப் போட்டார்கள், ஊரே உட்கார்ந்து பார்த்தது. அதாவது எங்கேயோ ஒரு டேப் வெட்டாமல் இருந்தது.

என் போனிலும் இருந்தது. ஒரு மணி நேரம், ரயிலோடு. அதை அப்படியே ஏற்றினேன். எழுத்திலும் "துட்டு" "கீது" எல்லாம் அக்கா சொன்ன மாதிரியே. திட்டிய ஆளின் பெயரை மட்டும் அக்காவே எடுக்கச் சொன்னார், "நாளைக்கும் அவன் நாஸ்டா துன்ன வருவான்" என்று.

அட்டைப் படத்துக்கு ஒரு போட்டோ வேண்டும் என்றேன். ட்ரூத் தன் படங்களைத் தானே எடுக்கச் சொல்லி, தானே விற்றுத்தான் செலவுக்குப் பார்த்துக்கொண்டார், அட்டையில் "நிழலை விற்று நிஜத்தைக் காப்பாற்றுகிறேன்" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். நாமும் நிழற்படம் என்றுதானே சொல்கிறோம்! அதை மனசில் வைத்துக்கொண்டு, எந்தப் படம் என்று நீங்களே சொல்லுங்க என்று அக்காவிடம் விட்டுவிட்டேன். அடுப்புப் புகை, வேர்வை, அந்தக் கருப்பு முகம் என்று நான் ஒரு படத்தைக் கற்பனை செய்து வைத்திருந்தது வேறு விஷயம்.

அக்கா அனுப்பியது மகள் போனில் ஃபில்டர் போட்டு எடுத்தது. முகம் பால் மாதிரி வெள்ளை, கன்னத்தில் ரோஸ், தலைக்கு மேலே இரண்டு பட்டாம்பூச்சி. ராத்திரி முழுக்க யோசித்தேன். அதையே போட்டேன்.

மறுநாள் கடையில் போனை ஸ்பீக்கரில் வைத்து அவரே கேட்டுக்கொண்டிருந்தார், ரயில் சத்தம் வரும்போதெல்லாம் நிஜ ரயிலா போன் ரயிலா என்று தெரியாமல் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். என்னைப் பார்த்ததும் போனைத் திருப்பிப் படத்தைக் காட்டினார்.

"நல்லா கலரா கீறேன்ல?"

ஆமாக்கா என்றேன். இரண்டு இட்லி, ஒரு வடை கட்டிக் கொடுத்தார், துட்டு வாங்கவில்லை.