காவல் விருப்புரிமை வினா: மதிப்பெண் எங்கே கிடைக்கிறது, எங்கே போகிறது

குற்றவியல் முதுகலை முடிவுகள் வந்துவிட்டன. காவல் தாளைப் பொறுத்தவரை எனக்குப் பெரிய நிம்மதி. ஆனால் நன்றாகப் படித்த பலர் அதே தாளில் சறுக்கியிருப்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. பெரும்பாலும் ஒரே வினாதான் காலை வாருகிறது. பண்பாடும் தனிப்பட்ட விழுமியங்களும் காவலரின் விருப்புரிமையையும் (சட்டத்தை யார் மீது, எப்போது, எப்படிப் பயன்படுத்துவது என்று தாமே முடிவெடுக்கும் உரிமை) பாரபட்சத்தையும் எப்படிப் பாதிக்கின்றன என்ற வினா. சொற்கள் மாறும், வினா மாறாது. பாடத்திட்டம், தாள் அமைப்பு எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ஒன்றே ஒன்று சொல்ல அனுமதி உண்டு என்றால் இதைத்தான் சொல்வேன்: விடையைக் "காவலர்கள்" என்று தொடங்காதீர்கள். ஒரு முடிவில் தொடங்குங்கள். "காவலர்களிடம் பாரபட்சம் உள்ளது" என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. எந்த முடிவில், எந்தக் கட்டத்தில் பாரபட்சம் நுழைகிறது என்று சொன்னால்தான் திருத்துபவருக்கு மதிப்பெண் போட இடம் கிடைக்கும்.

எழுத ஆரம்பிக்கும் முன் ஓரத்தில் பென்சிலால் ஐந்தைக் குறித்துக்கொள்ளுங்கள்:

- யாரை நிறுத்துவது
- யாரைச் சோதனையிடுவது
- புகாரைப் பதிவு செய்வதா, பேசி அனுப்புவதா
- கைதா, எச்சரிக்கையா
- பலத்தைப் பயன்படுத்துவதா, எவ்வளவு

ஐந்தும் ஒரே மாதிரி முடிவுகள் அல்ல. யாரை நிறுத்துவது என்பது நொடிகளில், முகம்கூடச் சரியாகத் தெரியாமல் எடுக்கப்படுவது. பதிவு செய்வதா வேண்டாமா என்பது நிலையத்தில் உட்கார்ந்து, ஆற அமர, மேலதிகாரியிடம் கேட்டும் எடுக்கப்படுவது. முன்னதில் மனதில் ஊறிய பிம்பங்கள் அதிகம் வேலை செய்யும். பின்னதில் நிலையத்தின் வழக்கமும் பணிச்சுமையும் குற்ற எண்ணிக்கை ஏறிவிடுமோ என்ற கவலையும் வேலை செய்யும். இந்த வேறுபாட்டை இரண்டு வரியில் எழுதினாலே விடை மற்றவர்களுடையதிலிருந்து தனித்துத் தெரியும்.

அடுத்து, அமெரிக்கச் சட்ட அறிஞர் ஜோசப் கோல்ட்ஸ்டீன் 1960இல் யேல் சட்ட இதழில் எழுதியது. சட்டத்தைப் பயன்படுத்தும் முடிவைவிடப் பயன்படுத்தாமல் விடும் முடிவுதான் கண்ணுக்குத் தெரியாதது என்பது அவர் வாதம். கைது செய்தால் காகிதம் இருக்கும், நீதிபதி பார்ப்பார், வழக்கறிஞர் கேள்வி கேட்பார். "போங்கள், சமாதானமாகப் போங்கள்" என்று அனுப்பிவிட்டால் எந்தப் பதிவும் இருக்காது. விடைத்தாள்களில் பாதி விஷயம் விடுபடுவது இங்கேதான். எல்லோரும் அளவுக்கு மீறிய கண்காணிப்பை மட்டும் எழுதுகிறார்கள். ஒரு பிரிவினருக்குக் கிடைக்க வேண்டிய பாதுகாப்பு கிடைக்காமல் போவதும் பாரபட்சம்தான். லண்டனில் 1993இல் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் கொல்லப்பட்ட வழக்கை இதற்கு எடுத்துக்காட்டாக வையுங்கள். 1999இல் வந்த மேக்ஃபர்சன் அறிக்கை, உடனிருந்த நண்பரும் தாக்குதலுக்கு ஆளானவர் என்ற உணர்வோடு காவலர்கள் அவரை நடத்தவில்லை என்று கண்டது. அங்கே யாரும் வெளிப்படையாக வெறுப்பைப் பேச வேண்டியிருக்கவில்லை. அறியாமை, யோசனையின்மை, ஒரு பிரிவினரை எல்லாம் ஒரே அச்சில் பார்க்கும் பார்வை ஆகியவை ஒரு நிறுவனத்தின் நடைமுறையில் கலந்து, உரிய சேவை கிடைக்காமல் போவதைத்தான் அந்த அறிக்கை நிறுவனமயமான இனவாதம் என்றது. லண்டனின் 1981 பிரிக்ஸ்டன் கலவரத்தை ஆராய்ந்த ஸ்கார்மன் அறிக்கை ஒரு சில காவலர்களின் தவறு என்ற எல்லையில் நின்றுகொண்டது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தனிநபர் விழுமியமா, நிறுவனப் பண்பாடா என்ற வினாவுக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

இப்போது ஒரு முடிவை எடுத்துப் பிரித்துக் காட்டுகிறேன். குடும்ப வன்முறை அழைப்பு. காவலர் வாசலில் நிற்கிறார். பெண்ணின் கையில் காயம் தெரிகிறது, கணவர் அமைதியாக இருக்கிறார், அந்தப் பெண் "வழக்கெல்லாம் வேண்டாம்" என்கிறார். காவலர் இருவரையும் கண்டித்துவிட்டுக் கிளம்புகிறார். ஏன்?

ஒரு காரணம் பணிப் பண்பாடு. இது "உண்மையான" காவல் வேலை இல்லை, பெண் நாளை புகாரைத் திரும்பப் பெற்றுவிடுவார், எழுதியதெல்லாம் வீண் என்ற நிலையத்துப் பேச்சு. இன்னொன்று தனிப்பட்ட விழுமியம். குடும்பம் உடையக்கூடாது, கணவன் மனைவிக்கு நடுவில் மூன்றாமவர் போகக்கூடாது என்று அவர் தனிப்பட்ட முறையில் நம்புகிறார். மூன்றாவது சூழல். அன்று இரவு ஆள் குறைவு, அடுத்த அழைப்பு காத்திருக்கிறது. மூன்றும் ஒரே விளைவைத்தான் தருகின்றன. ஆனால் தீர்வு மூன்றுக்கும் வேறு. பண்பாட்டுக்கு மேற்பார்வையும் பாராட்டு முறையும் மாற வேண்டும், விழுமியத்துக்கு ஆள்தேர்வும் பயிற்சியும், சூழலுக்கு ஆள்பலம். காரணத்தைப் பிரிக்காமல் கடைசியில் "விழிப்புணர்வுப் பயிற்சி தேவை" என்று எழுதுவது மதிப்பெண்ணைத் தூக்கி எறிவது.

இதே எடுத்துக்காட்டைத் தொடருங்கள். அமெரிக்காவின் மினியாபொலிஸில் 1981-82இல் ஆய்வாளர்கள் ஷெர்மனும் பெர்க்கும் நடத்திய சோதனையில் கைது, அறிவுரை, ஒருவரைச் சில மணி நேரம் வெளியே அனுப்புதல் ஆகிய மூன்றில் எது என்பது காவலர் கையில் விடப்படாமல் குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது. கைது செய்யப்பட்டவர்களிடம் மறுவன்முறை குறைவாக இருந்ததாக முடிவு வந்தது. அதை வைத்துப் பல மாநிலங்கள் கட்டாயக் கைதை நோக்கி நகர்ந்தன. பிறகு மற்ற நகரங்களில் செய்த மறுசோதனைகள் கலவையான முடிவுகளையே தந்தன. மில்வாக்கியில் வேலையற்றவர்களிடம் கைது எதிர்விளைவை ஏற்படுத்தியது. கட்டாயக் கைது வந்த இடங்களில், தற்காத்துக்கொண்ட பெண்ணையும் சேர்த்துக் கைது செய்யும் போக்கு கூடியது. விருப்புரிமையை ஒரு கட்டத்தில் அடைத்தால் அது அடுத்த கட்டத்துக்கு நகர்கிறது. இந்த வாக்கியம் எந்த விருப்புரிமை வினாவிலும் பயன்படும்.

ஆய்வாளர்களைப் பற்றி. இருபது பெயரைக் கொட்டுவது என் இயல்பு இல்லை. ஐந்தாறு பேரை ஆழமாக எழுதுவதே மேல் என்பது என் கருத்து. நினைவாற்றல் உள்ளவர்கள் வேறு மாதிரி செய்யலாம்.

ஸ்கோல்னிக் (1966): ஆபத்தும் அதிகாரமும் சேர்ந்து ஒரு பணி ஆளுமையை உருவாக்குகின்றன, கூடவே விளைவு காட்டச் சொல்லும் அழுத்தம். அதிலிருந்து உடை, நடை, பேச்சு ஆகியவற்றை வைத்து "இவர் தாக்கக்கூடியவர்" என்ற ஒரு பிம்பம் பிறக்கிறது. பாரபட்சம் கெட்ட மனத்திலிருந்து மட்டும் வருவதில்லை, வேலையின் தன்மையிலிருந்தும் வருகிறது என்பதற்கு இவர்தான் ஆதாரம்.

வில்சன் (1968): அமெரிக்காவில் எட்டு ஊர்களின் காவல் துறைகளை ஒப்பிட்டு மூன்று பாணிகளைக் காட்டினார். ஒழுங்கு கெடாத வரை கண்டுகொள்ளாத காவல்காரப் பாணி, சட்டப்படி எல்லாவற்றையும் பதியும் பாணி, சேவைப் பாணி. ஒரே தவறுக்கு ஒரு ஊரில் எச்சரிக்கை, இன்னொரு ஊரில் வழக்கு என்றால், அங்கே மாறியது காவலர் மனம் இல்லை, துறையும் உள்ளூர் அரசியலும்.

மியூர் (1977): தனிப்பட்ட விழுமியத்துக்கு இவரை விட்டால் ஆள் இல்லை. 28 காவலர்களை ஆராய்ந்து இரண்டு கேள்விகளால் வகைப்படுத்தினார். மனிதத் துன்பத்தைப் புரிந்துகொள்ளும் பார்வை இருக்கிறதா? வற்புறுத்தும் பலத்தைப் பயன்படுத்துவதில் மனச்சிக்கல் இல்லாமல் இருக்கிறாரா? இரண்டும் இருந்தால் தொழில்முறைக் காவலர். புரிதல் இல்லாமல் பலம் மட்டும் என்றால் அடக்குபவர். புரிதல் இருந்தும் பலத்துக்குத் தயங்கினால் விட்டுக்கொடுத்துப் பேரம் பேசுபவர். இரண்டும் இல்லையென்றால் ஒதுங்குபவர். நான்கு கட்டம் போட்டு வரைந்துவிடுங்கள். இந்த விடையில் வரைய வேண்டிய ஒரே படம் அதுதான்.

வாடிங்டன் (1999): ஓய்வறையில் பேசுவது வேறு, தெருவில் செய்வது வேறு. கடுமையாகப் பேசும் காவலர் எல்லோரும் அப்படியே நடப்பதில்லை. பண்பாட்டை வைத்து நடத்தையை நேரடியாக ஊகிப்பதற்கு இது பெரிய எதிர்வாதம். இதை விட்டுவிட்ட விடை ஒருதலைப்பட்சமாகத் தெரியும்.

ஜேனட் சான்: ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் ஆய்வு. பண்பாடு காவலரை ஆட்டுவிக்கும் கயிறு இல்லை. காவலர்கள் அதை ஏற்கிறார்கள், மாற்றுகிறார்கள், எதிர்க்கிறார்கள். சட்டமும் அரசியலும் உள்ள புறக்களத்தை மாற்றாமல் பயிற்சியால் மட்டும் பண்பாட்டை மாற்ற முடியாது.

காவலரின் சொந்த அடையாளம் பற்றிக் கேட்டால், சிகாகோ தரவை வைத்து 2021இல் வெளிவந்த ஆய்வைச் சேருங்கள். ஒரே மாதிரியான பணிநேரத்தில், ஒரே பகுதியில் ஒப்பிட்டபோது கறுப்பினக் காவலர்கள் வெள்ளையினக் காவலர்களைவிடக் குறைவாக நிறுத்தினார்கள், குறைவாகக் கைது செய்தார்கள், பலமும் குறைவு. பெண் காவலர்களிடமும் பலப் பயன்பாடு குறைவு.

அளவீடு பற்றி ஒரு பத்தி கட்டாயம். "மக்கள்தொகையில் இவ்வளவு, நிறுத்தப்பட்டவர்களில் இவ்வளவு" என்ற ஒப்பீட்டோடு நிறுத்தினால் கேள்வி வரும்: அந்த நேரத்தில் அந்தச் சாலையில் இருந்தவர்கள் யார்? எந்த எண்ணிக்கையால் வகுப்பது சரி? இதைச் சமாளிக்க இரண்டு வழிகள்:

- சோதனைப் பலன் விகிதம். ஒரு பிரிவினரைச் சோதிக்கும்போது சட்டவிரோதப் பொருள் கிடைப்பது குறைவு என்றால், அவர்களைச் சோதிக்கச் சின்னச் சந்தேகமே போதுமாக இருந்திருக்கிறது. குறை: சோதிக்கலாமா வேண்டாமா என்ற விளிம்பில் எடுக்கும் முடிவைச் சராசரி விகிதம் சரியாகக் காட்டாமல் போகலாம்.
- இருள் திரை முறை. 2006இல் ஆய்வாளர்கள் கிராகரும் ரிட்ஜ்வேயும் அமெரிக்காவின் ஓக்லாந்தில் செய்தது. பருவத்துக்கேற்ப ஒரே கடிகார நேரம் ஒருநாள் வெளிச்சமாகவும் ஒருநாள் இருட்டாகவும் இருக்கும். ஓட்டுநரின் நிறம் தெரியாத இருட்டில் ஒரு பிரிவினர் நிறுத்தப்படும் பங்கு குறைந்தால், வெளிச்சத்தில் நிறம் வேலை செய்திருக்கிறது. 2020இல் அமெரிக்கா முழுவதிலுமான சுமார் 10 கோடி நிறுத்தங்களின் தரவைத் திரட்டிய ஆய்வு இதைச் செய்தபோது கறுப்பின ஓட்டுநர்களின் பங்கு இருட்டில் குறைந்தது.

சட்டப் பகுதியில் பலர் வழக்குப் பெயர்களை அடுக்கிவிட்டுப் போகிறார்கள். ஒவ்வொரு வழக்கும் விருப்புரிமையை என்ன செய்தது என்று மட்டும் எழுதுங்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் டெரி (1968) வழக்கு, நியாயமான சந்தேகம் இருந்தால் நிறுத்தித் தடவிப் பார்க்க அனுமதித்தது, வாசல் திறந்தது. அதே நீதிமன்றத்தின் ரென் (1996), போக்குவரத்து விதி மீறல் உண்மையாக இருந்தால் காவலரின் உள்நோக்கம், நியாயமற்ற சோதனையையும் கைதையும் தடுக்கும் அமெரிக்க அரசமைப்பின் நான்காம் திருத்தத்தின் கீழ் பொருட்டல்ல என்றது. தனிப்பட்ட விழுமியத்தை நீதிமன்றம் அந்த விசாரணையிலிருந்தே வெளியேற்றிய வழக்கு இது, ஆகவே இந்த வினாவுக்கு மிக முக்கியம். இங்கிலாந்தின் 1984 காவல் மற்றும் குற்றச் சாட்சியச் சட்டத்தின் ஏ விதித்தொகுப்பு, ஆளடையாளத் தகவல் இல்லாத நிலையில் தோற்றமோ இனமோ பழைய தண்டனையோ, தனியாகவோ சேர்ந்தோ, சந்தேகத்துக்குக் காரணமாகாது என்கிறது. இந்திய உச்ச நீதிமன்றத்தின் லலிதா குமாரி (2013) வழக்கு, பிடிவாரண்டின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் தெரியவந்தால் எஃப்.ஐ.ஆர் கட்டாயம் என்றது. முதற்கட்ட விசாரணைக்குப் பின் புகாரை முடித்தால் காரணத்தோடு அதன் நகலை ஒரு வாரத்துக்குள் புகார்தாரருக்குத் தர வேண்டும். அர்னேஷ் குமார் (2014) ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் இயந்திரத்தனமான கைதைத் தடுத்தது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு இப்போது அதன் இடத்தில் வந்த புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 35ஆம் பிரிவு. கைது செய்தால் மட்டுமல்ல, கைது செய்யாவிட்டாலும் காரணம் எழுதச் சொல்கிறது அந்தப் பிரிவு. கோல்ட்ஸ்டீன் சொன்ன கண்ணுக்குத் தெரியாத முடிவை இந்தச் சட்டம் காகிதத்துக்குக் கொண்டுவருகிறது என்று இணைத்து எழுதுங்கள். இந்த இணைப்பை எழுதுபவர்கள் மிகக் குறைவு.

காகிதம் இருந்தால் போதுமா என்றால், போதாது. நியூயார்க் நகரக் காவலர்கள் ஒருவரைத் தெருவில் நிறுத்தினால் நிரப்ப வேண்டியிருந்த படிவம் இதற்குச் சான்று. அந்த நகரின் நிறுத்திச் சோதிக்கும் நடைமுறையை எதிர்த்த ஃபிளாய்ட் வழக்கில் (2013) வந்த விவரப்படி 2004 முதல் 2012 நடுப்பகுதி வரை 44 லட்சம் நிறுத்தங்கள். 88 விழுக்காட்டில் கைதும் இல்லை, சம்மனும் இல்லை. ஆயுதத்துக்காகத் தடவிப் பார்த்தவற்றில் 1.5 விழுக்காட்டில்தான் ஆயுதம் கிடைத்தது. படிவத்தில் "மறைவான அசைவுகள்", "குற்றம் மிகுந்த பகுதி" என்று கட்டங்கள் இருந்தன. காவலர் ஒரு டிக் அடித்தால் வேலை முடிந்தது. என்ன அசைவு, எந்தக் கை, எதை நோக்கி என்று யாரும் கேட்கவில்லை. காரணத்தைச் சொந்த வார்த்தையில் எழுத இடம் வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டதற்கு இதுதான் பின்னணி.

தீர்வுகளில் செய்யும் தவறுகள், சுருக்கமாக:

- உள்ளுறைச் சார்புப் பயிற்சியை (தன்னையறியாத பாரபட்சத்தை உணர்த்தும் பயிற்சி) ஒரு சர்வரோக நிவாரணியாக எழுதுவது. நியூயார்க் காவல் துறையில் 2020இல் வெளியான மதிப்பீடு, அறிவு கூடியதையும் தெருவில் வேறுபாடு குறைந்ததற்குத் தெளிவான ஆதாரம் இல்லாததையும் காட்டியது.
- விதியால் பயனே இல்லை என்று எழுதுவது. நியூயார்க்கில் 1972இல் துப்பாக்கிப் பயன்பாட்டை இறுக்கிய விதிக்குப் பின் காவலர்களின் துப்பாக்கிச்சூடு கணிசமாகக் குறைந்ததை ஆய்வாளர் ஃபைஃப் காட்டினார்.
- விருப்புரிமையை ஒழிக்கச் சொல்வது. எல்லாச் சட்டத்தையும் எல்லோர் மீதும் முழுமையாகச் செயல்படுத்தும் ஆள்பலம் எந்த நாட்டிலும் இல்லை. ஒழிப்பதைப் பற்றி எழுதாமல், எந்தக் கட்டத்தில் குறைப்பது, யார் பார்வைக்குக் கொண்டுவருவது என்று எழுதுங்கள்.

சிறுவினாவாக வந்தால் கோல்ட்ஸ்டீன், மியூர், அர்னேஷ் குமார் மூன்றும் போதும். பெருவினாவில் நேரம் நெருக்கினால் வில்சனை விடுங்கள், வாடிங்டனை விடாதீர்கள். சிகாகோ ஆய்வுக்கு இடமில்லையென்றால் அதையும் விட்டுவிடலாம். குடும்ப வன்முறை எடுத்துக்காட்டு மட்டும் எந்த நிலையிலும் இருக்கட்டும்.