விழுந்த கூட்டுப்புழுவுக்குக் கோணிக் கூம்பு

நேற்றுக் காலை ஏழேகால் மணிக்கு ரோஜா அழகி வண்ணத்துப்பூச்சி ஒன்று கூட்டிலிருந்து வெளியே வந்தது. நான் குச்சியைப் பிடுங்கியதில் நூல் அறுந்து தரையில் விழுந்த கூட்டுப்புழு அது. இதற்கு முன் இரண்டு முறை இதே வேலையில் தோற்றிருக்கிறேன், அதனால் மனசு நிறைந்து கிடக்கிறது.

இதன் புழுக்கள் தின்னும் கருடக்கொடியை வைத்திருப்பவர்களுக்குக் கதையின் முதல் பாதி தெரியும். மழை விட்டதும் தாய்ப்பூச்சி மாடிக்கு வந்துவிட்டது. இந்தத் தடவை ஒன்பது புழுக்கள், நடு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டவை. இலையை முடித்துவிட்டுத் தண்டையும் கடித்தன. மொட்டையான கொடியைப் பார்த்து வீட்டில் வருத்தப்பட்டார்கள். வேர் நன்றாக இருந்தால் துளிர்த்துவிடும்.

சிக்கலெல்லாம் அப்புறம்தான். ரோஜா அழகியின் கூட்டுப்புழு வால் நுனியைக் குச்சியில் பதித்து, இடுப்பில் ஒரு பட்டு நூலைக் கட்டிக்கொண்டு சாய்ந்திருக்கும். நூல் அறுந்து தரையில் கிடந்தாலும் உயிர் இருக்கும். ஆனால் பூச்சி வெளியே வந்ததும் எதையாவது பற்றி ஏறித் தொங்க வேண்டும். சிறகு அப்போது நனைந்த துணி மாதிரி மடங்கியிருக்கும். தொங்கினால்தான் உடல் நீர் உள்ளே பாய்ந்து அது விரியும். பிடி கிடைக்காவிட்டால் மடங்கியபடியே காய்ந்துவிடும்.

முதல் தடவை, விழுந்த கூட்டுப்புழுவை வைக்க சார்ட் பேப்பரில் கூம்பு செய்து சுவரில் ஒட்டினேன். வழவழப்பு. பூச்சி மூன்று முறை ஏறி மூன்று முறையும் சறுக்கியது, இடது சிறகு சுருண்டே போயிற்று. இரண்டாம் தடவை செய்தித்தாள். பிடி இருந்தது, ஆனால் கூம்பு ஆழமாகிவிட்டது. தலை உள்ளே புதைந்து, பூச்சி வெளியேறவே முடியவில்லை. அந்த இரண்டையும் நினைத்தால் இன்னும் சங்கடமாக இருக்கிறது.

இந்த முறை தபால் உறைத் தாளில் சின்னக் கூம்பு. வால் கீழே, தலைப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு வெளியே தெரியும் அளவுதான் ஆழம். உள்ளேயும் மேலே சுவரில் ஒரு சாண் உயரத்துக்கும் பழைய அரிசிக் கோணியை வெட்டி ஒட்டினேன். சணல் கோணிதான் சரி, பிளாஸ்டிக் சாக்கு கூடாது. இன்னொன்று, புதிதாகத் தோலுரித்த கூட்டுப்புழு மெத்தென்றிருக்கும். ஒரு நாள் விட்டு, இறுகிய பிறகே தொட வேண்டும்.

முந்தின இரவே கூடு கருத்துவிட்டது. காலையில் முதுகுப் பக்கம் பிளந்தது. கால்கள் சணலைப் பற்றின. நான்கு விரற்கடை ஏறி நின்று, சிவப்பாக ஒரு சொட்டு விட்டது. அதன்பின் சிறகு மெல்ல இறங்கி விரிந்தது. பின்சிறகில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் ரோஜா நிறப் பிறைகள். பத்து மணிக்கு முருங்கை மரத்தைத் தாண்டிப் போனது.

கொடி வாங்குபவர்களுக்கு ஒன்று. ஒரு நர்சரியில் கருடக்கொடி என்று எனக்குக் கொடுத்தது, பெரிய ஊதாப் புள்ளிப் பூ பூக்கும் அயல்நாட்டுக் கொடி. இலை இதய வடிவில் இருந்தால் வாங்காதீர்கள். நம் கொடியின் இலை நீளவாக்கில் இருக்கும், பூ சின்னது, வெளிர்பச்சை, உதடு கரும்ஊதா. நான் கடைசியில் விதையிலிருந்துதான் வளர்த்தேன். காய் முற்றி வெடித்தால் தலைகீழ்க் குடை போல நூல்களில் தொங்கும், உள்ளே தட்டை விதைகள். கையுறை போட்டுக்கொள்வேன், செடியில் இருக்கும் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதே நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொண்டுதான் இந்தப் பூச்சி பறவைகளிடமிருந்து தப்பிக்கிறது. கறிவேப்பிலை அழகி என்ற இன்னொரு வண்ணத்துப்பூச்சியின் பெண் பூச்சிகளில் சில இதன் வேஷத்தைப் போட்டுக்கொண்டு பிழைக்கின்றன.

அடுத்து ஆடுதின்னாப்பாளை, கருடக்கொடியின் உறவுச் செடி. சிவப்புடல் அழகி என்ற வண்ணத்துப்பூச்சியும் வரட்டும் என்று இரண்டு தொட்டி மண் கலந்து வைத்திருக்கிறேன். இன்னும் ஆறு கூடுகள் குச்சியிலேயே பத்திரமாக இருக்கின்றன. தொட்டி ஓரத்தில் இருப்பது இன்று சாயங்காலம் கருக்கத் தொடங்கியிருக்கிறது.